114 கிலோ எடைக்குப் பழைய ரோடு பைக்: மூணுல எதை எடுக்கலாம்?

வில்லுக்குறிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வயசு 37, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 114 கிலோ. வீடு வில்லுக்குறி, வேலை நாகர்கோவில்ல. கணக்கு எழுதுற வேலை, காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எழும்புவேன். சித்திரை மாசம் ரத்தம் சோதிச்சப்போ சர்க்கரை எல்லைக்குக் கிட்ட வந்துட்டுன்னு டாக்டர் சொன்னார். நடக்கச் சொன்னார். முட்டு வலியைச் சொன்னதும், அப்படின்னா சைக்கிள் ஓட்டுங்க, முட்டுல அவ்வளவு பாரம் விழாதுன்னார்.

உடனே 11,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரோடு பைக் வாங்கினேன். வாங்கும்போது பெயின்டும் கம்பெனி பேரும்தான் பாத்தேன். மூணாவது வாரம் சுங்கான்கடை பக்கத்துல போயிட்டிருக்கும்போது பின்னால 'டங்'னு ஒரு சத்தம். கம்பி ஒடிஞ்சு சக்கரம் பிரேக்குல உரச ஆரம்பிச்சிட்டு. கம்பி மாத்தினேன். பத்து நாள்ல அடுத்தது. ரெண்டு மாசத்துல நாலு கம்பி. நாலாவது தடவை கொண்டு போனப்போ கடையில இருந்தவர், "சார், உங்க உடம்புக்கு சைக்கிள் சரிப்படாது, ஒரு ஸ்கூட்டி எடுத்துருங்க"ன்னார். பக்கத்துல ரெண்டு பையன்மார் நின்னாங்க. ஒண்ணும் பேசாம வந்துட்டேன். சைக்கிளைக் கிடைச்ச விலைக்குக் கொடுத்துட்டேன்.

ஆனா மனசு கேக்கல. எங்க அப்பா ஏத்தன் வாழை போட்டிருந்தாங்க. கேரியர்ல நாலு குலை கட்டி, முன்னால பாருல என்னை வச்சு தக்கலைக்கு மிதிச்சுட்டுப் போவாங்க. அந்தச் சைக்கிள் கம்பி ஒடிஞ்சு நான் பாத்ததே இல்ல. நான் தனியா ஏறினா மட்டும் ஏன் ஒடியுது?

இப்போ மூணு சைக்கிள் பாத்து வச்சிருக்கேன்.

முதல்ல திருவனந்தபுரத்துல ஒரு கார்பன் ரேஸ் சைக்கிள், 42,000. தூக்கினா பஞ்சு மாதிரி இருக்கு. 23 மில்லிமீட்டர் டயர், முன்னால 20 கம்பி, பின்னால 24. ரெண்டாவது கோட்டாறுல ஒரு அலுமினியம் ஃபிரேம், ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை) மட்டும் கார்பன், 8 கியர் கிளாரிஸ் (ஷிமானோ கம்பெனி கியர் செட்), 25 டயர், ரெண்டு சக்கரத்துலயும் 32 கம்பி, 18,500 சொல்றாங்க. மூணாவது குளச்சல்ல ஒரு பழைய ஸ்டீல் ஃபிரேம், 36 கம்பி, பின்னால 7 பல்சக்கரம், 8,500. கொஞ்சம் துரு இருக்கு. சைஸ் 58னு எழுதியிருக்கு.

காலையில வேலைக்குப் போக வர 20 கிலோமீட்டர், ஞாயிறு சுசீந்திரம் வழி கன்னியாகுமரி வரைக்கும் போகணும். அவ்வளவுதான் ஆசை. எதை எடுக்கலாம்? வாங்குறதுக்கு முன்ன என்னெல்லாம் பாக்கணும்? தயவுசெய்து தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சக்கரம் கட்டுறவன், மார்த்தாண்டம்

தம்பி, முதல்ல ஒரு காரியம். உங்க உடம்புக்கு சைக்கிள் சரிப்படாதுன்னு சொன்னது தப்பு. அந்தச் சக்கரம் உங்களுக்குச் சரிப்படல. 31 வருசமா நான் கோட்டம் எடுக்கேன், சக்கரம் கட்டுகேன், அதனால தைரியமா சொல்லுகேன்.

உங்க அப்பாவுக்க சைக்கிள்ல பின் சக்கரத்துக் கம்பியை எண்ணிப் பாத்திருக்கீங்களா? முன்னால 32, பின்னால 40. பழைய கறுப்பு சைக்கிள் எல்லாம் அந்தக் கணக்குதான். டயரும் ஒண்ணரை அங்குல அகலம். நாலு குலையும் ஒரு பிள்ளையும் போனது அந்த 40 கம்பிமேல. நீங்க ஒடிச்ச சைக்கிள்ல எத்தனை இருந்துச்சு? 24 இல்லேன்னா 28ஆத்தான் இருந்திருக்கும். யாரும் எண்ணிப் பாத்திருக்க மாட்டாங்க.

கம்பி ஏன் ஒடியுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா வாங்குறது லேசு. கம்பி தூண் மாதிரி பாரத்தைத் தாங்கி நிக்கல. எல்லாக் கம்பியும் இழுபட்டு முறுக்கா நிக்குது. டயர் தரையைத் தொடுற இடத்துல உள்ள கம்பிக்கு மட்டும் முறுக்கு கொஞ்சம் தளரும், சக்கரம் உருண்டதும் திரும்ப முறுகும். ரோடு பைக் சக்கரம் ஒரு சுத்துல 2.1 மீட்டர் போகும். அப்போ ஒரு கிலோமீட்டருக்கு 470 சுத்துக்கு மேல வரும். நீங்க வேலைக்குப் போய் வந்தா ஒவ்வொரு கம்பியும் 9,000 தடவைக்கு மேல தளர்ந்து முறுகும். ஆளுக்க எடை கூடினா தளர்றதும் கூடும். கம்பி எண்ணிக்கை குறைஞ்சாலும் அப்படித்தான். ஒரு கம்பியை இங்கயும் அங்கயும் வளைச்சுக்கிட்டே இருந்தா கடைசியில ஒடியுமே, அதேதான். ஒடியுறதும் ஹப்புக்கிட்ட (சக்கரத்துக்க நடு உருளை) வளைஞ்சிருக்கிற முழங்கையில.

அதுலயும் பின் சக்கரம்தான் முக்கியம். பாரம் பாதிக்கு மேல அங்கதான் விழுது. அதோட கியர் இருக்கிற பக்கம் இடம் வேணும்னு ரிம்மை ஒருபக்கமா இழுத்துக் கட்டியிருப்பாங்க. அந்தப் பக்கக் கம்பி ரொம்ப முறுக்கு, இடப்பக்கம் தளர்வு. மிஷின்ல கட்டி வர்ற மலிவுச் சக்கரத்துல இந்த முறுக்கு சமமாவே இருக்காது. ஒண்ணு ஒடிஞ்சதும் அதை மட்டும் மாத்தினது ரெண்டாவது தப்பு. கூட இருந்த கம்பியெல்லாம் அதே அளவு பாடுபட்டது. வரிசையா ஒடியத்தான் செய்யும். ரெண்டாவது கம்பி ஒடிஞ்சதுமே எல்லாத்தையும் கழட்டி, புதுக் கம்பி போட்டு முழுசா கட்டியிருக்கணும்.

இனி உங்க மூணு சைக்கிள். திருவனந்தபுரத்துக் கார்பனை விட்டுருங்க. முக்கால்வாசி கம்பெனிக்காரனும் கையேட்டுல அதிகபட்ச எடை ஒண்ணு போட்டிருப்பான். அது பெரும்பாலும் ஆளுக்க எடை மட்டுமில்ல, சைக்கிள், பை, தண்ணி பாட்டில் எல்லாம் சேத்துதான். உங்களுக்கு 125 தாண்டும். அந்த மாடலுக்க கையேட்டைத் தேடிப் பாத்தா உங்களுக்கே தெரியும். 20க்கு 24 கம்பி உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

குளச்சல் ஸ்டீல்ல 36 கம்பி, கொள்ளாம். ஆனா 7 பல்சக்கரம்னு சொன்னீங்க, அங்கதான் சந்தேகம். அது பழைய ஃப்ரீவீலா (ஹப்புல மரை திருகி மாட்டுறது), கேசட்டா (ஹப்புல சொருகி மாட்டுறது)ன்னு பாருங்க. ஃப்ரீவீல்னா வலப்பக்கத்து பால்ரஸ் ரொம்ப உள்ள இருக்கும், அதுக்கு வெளிய ஆக்சில் தாங்கலே இல்லாம நீண்டு நிக்கும். பாரமுள்ள ஆளு குழியில இறக்கினா ஆக்சில் வளையும், ஒடியவும் செய்யும். கேசட் ஹப்புல பால்ரஸ் ஃபிரேம் பக்கத்துலயே இருக்கும், அந்தப் பிரச்சினை இல்ல. கண்டுபிடிக்கிறது எளுப்பம். சக்கரத்தைக் கழட்டி, பல்சக்கரத்தைப் பின்னால சுத்தணும். நடுவுல டூல் போடுற பல்லும் கூடவே சுத்தினா கேசட். அது சுத்தாம நின்னா ஃப்ரீவீல்.

கோட்டாறு அலுமினியம்தான் உங்களுக்குள்ளது. 8 கியர் கிளாரிஸ்னா கேசட்தான் வரும். ஆனா போய்ப் பாக்கும்போது பெயின்டைப் பாக்காதீங்க. பின் ரிம்முல நிப்பிள் (கம்பி முனையை ரிம்முல பிடிக்கிற சின்ன திருகு) வர்ற ஓட்டை ஒவ்வொண்ணையும் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. ஓட்டையைச் சுத்தி மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தா ரிம்மு தீந்தாச்சு. பிரேக் பிடிக்கிற பக்கத்தை விரலால தடவுங்க, உள்ளே குழிஞ்சிருந்தா தேஞ்சுட்டு. அடுத்தடுத்த ரெண்டு கம்பியைச் சேத்து அமுக்கிக்கிட்டே சுத்தி வாங்க, ஒண்ணு தொளதொளன்னும் அடுத்தது கல்லு மாதிரியும் இருந்தா முறுக்கு சரியில்ல. பிறகு ஃபிரேம். ஹேண்டிலுக்குக் கீழ பைப்பு சேர்ற வெல்டு, பெடல் கூட்டுக்குச் சுத்துமுள்ள வெல்டு, பின் சக்கரம் மாட்டுற இடம், இந்த மூணு இடத்துலயும் பெயின்டுல கோடு மாதிரி விழுந்திருந்தா எந்த விலைக்கும் வேண்டாம்.

குலசேகரம் ரப்பர்

அண்ணே, நான் 122 கிலோவுல ஆரம்பிச்சவன், இப்போ 101. உங்க பதிவைப் படிச்சதும் எனக்க பழைய நாள் ஞாபகம் வந்துட்டு, அதான் எழுதுகேன்.

மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைச் சொல்லிட்டாங்க. நான் கியரைச் சொல்லுகேன். நான் முதல்ல வாங்கினது முன்னால 53, 39 பல்லு, பின்னால பெரிசு 25. ரேஸ் ஓடுறவங்களுக்கு உள்ளது. திற்பரப்பு ஏத்தத்துல முட்டு உடைஞ்சு போற மாதிரி வலிச்சுது. 39ஐ 25ஆல வகுத்தா 1.56, பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ஒண்ணரைக்கு மேல சுத்தணும். இப்போ முன்னால 50, 34. பின்னால பெரிசு 32. 1.06தான் வருது. அதே ஏத்தத்துல உக்காந்த மேனிக்கே, பைய, பேச்சுக் குடுத்துட்டே ஏறுகேன். முட்டு வலி உள்ளவங்க முன் பல்லையும் பின் பல்லையும் எண்ணாம சைக்கிள் வாங்கவே கூடாது. கோட்டாறு சைக்கிள்ல பின்னால பெரிசு எத்தனைன்னு கேளுங்க. 28னா 32க்கு மாத்த முடியுமான்னும் பாருங்க, பின்னால கியர் மாத்துற கை குட்டையா இருந்தா அது ஏத்துக்காது.

கன்னியாகுமரி ரோடு சமதரைதானே, எதுக்கு சின்ன கியர்னு நினைக்காதீங்க. ஆனி, ஆடியில காத்துக்கு எதிர மிதிச்சுப் பாருங்க. ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல காத்தாடி சும்மா நட்டு வைக்கல. அந்தக் காத்துல சமதரையே ஏத்தம்தான்.

டயர் 28க்குக் குறையக் கூடாது. 23, 25 எல்லாம் நம்ம எடைக்கு ஒரு குழியில டியூபை ரிம்மோட நசுக்கி, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை போட்டுரும். 28 போகுமான்னு பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பாத்தாத் தெரியும். நான் 105 கிலோ இருந்தப்போ 28 டயருக்குப் பின்னால 95, முன்னால 80 பி.எஸ்.ஐ காத்து அடிச்சேன். டயர் பக்கத்துல எழுதியிருக்கிற அளவைத் தாண்டக் கூடாது. மீட்டர் வச்ச நிலை பம்பு ஒண்ணு கட்டாயம் வாங்குங்க. விரலால அமுக்கிப் பாத்து அடிக்கிற காத்து நமக்கு ஆகாது. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பாக்கணும்.

ஒரு விஷயத்துல மட்டும் மெக்கானிக் அண்ணனுக்கிட்ட எனக்கு வேற அபிப்பிராயம். கார்பன்னாலே எடைக்கு ஆகாதுன்னு இல்ல. கோட்டாறு சைக்கிள்லயும் ஃபோர்க் கார்பன்தானே, அது தாங்கத்தான் செய்யும். ஆனா பழைய கார்பன் ஃபிரேம் எங்க விழுந்தது, எப்படி அடிபட்டதுன்னு வெளிய தெரியாது. அலுமினியம்னா நசுங்கினது கண்ணுக்குத் தெரியும். அந்த ஃபோர்க்கையும் சக்கரத்தைக் கழட்டிட்டு, ஒரு நாணயத்தால மேலயிருந்து கீழ தட்டிப் பாருங்க. சத்தம் ஒரே மாதிரி வரணும். ஒரு இடத்துல மட்டும் செத்த சத்தம் வந்தா எடுக்காதீங்க.

குளச்சல் டீச்சர்

தம்பி, அந்தக் குளச்சல் சைக்கிளைப் பத்தி மட்டும் சொல்றேன். நானும் கடற்கரை ஊர்க்காரிதான், பதினாலு வருஷமா மண்டைக்காடு வழியா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல போறேன். கடல் காத்து சைக்கிளை வெளிய தின்னும், அது தெரியும். உள்ள தின்னுறதுதான் தெரியாது.

சீட்டுக்குக் கீழ உள்ள குழாயோட போல்ட்டைத் தளர்த்தி, மேல கீழ அசைச்சுப் பாருங்க. ஸ்டீல் ஃபிரேமுக்குள்ள அலுமினியக் குழாய் உப்புல பிடிச்சுக்கிட்டா பிறகு சுத்தியலுக்கும் அசையாது. எனக்கு ஒரு சைக்கிள் அப்படிப் போனது. நீங்க ஏற்கெனவே 58 சைஸ்னு சொல்றீங்க. உங்க உயரத்துக்கு 54, 56தான் சரியா வரும். சீட்டை இறக்கவே முடியாம மாட்டிக்குவீங்க.

அடுத்தது ஹேண்டில்ல சுத்தியிருக்கிற டேப். வியர்வையும் உப்பும் அதுக்குள்ள இறங்கி அலுமினியத்தை அரிச்சு வெள்ளைப் பொடியா ஆக்கிரும். மேல டேப் பளபளன்னு இருக்கும். நீங்க எழும்பி மிதிக்கும்போது உங்க எடை முழுக்க அந்தக் குழாய்லதான் தொங்குது, ஒடிஞ்சா முகம்தான் தரையில போகும். கோட்டாறு சைக்கிளா இருந்தாலும் டேப்பைப் பிரிச்சுப் பாக்கணும்னு கேளுங்க. புது டேப் நான் வாங்கித் தர்றேன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க.

சைக்கிளோட பில் கேளுங்க. பில் இல்லேன்னா பெடல் கூட்டுக்கு அடியில அடிச்சிருக்கிற நம்பரையாவது விக்கிறவங்க பேரோட ஒரு தாள்ல எழுதி, கையெழுத்து வாங்கி வச்சுக்குங்க.

அந்தக் கடையில உங்களைப் பேசினது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்தது. சேலை கட்டிட்டு சைக்கிள் ஓட்டுறேன்னு என்னையும் பேசினாங்க. நீங்க விடாதீங்க.

வில்லுக்குறிக்காரன்

மூணு பேருக்கும் கோடி நன்றி. டீச்சர், உங்க கடைசி வரியை எங்க வீட்டுல வாசிச்சுக் காட்டினேன்.

நேத்து கோட்டாறுக்குப் போனேன். டார்ச், துணி, அடிக்கோல், ஒரு அஞ்சு ரூபா நாணயம், இவ்வளவும் கொண்டு போனேன். விக்கிறவர் நல்ல மனுஷர், எல்லாத்துக்கும் சம்மதிச்சார். ஃபிரேம்ல கோடு ஒண்ணும் இல்ல. ஃபோர்க்குல சத்தம் ஒரே மாதிரி. டேப்பைப் பிரிச்சதுல இடப்பக்க வளைவுல லேசா வெள்ளைப் பூத்திருந்தது, துடைச்சதும் போயிட்டு, அடியில குழி விழல. முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாத்தேன், ஹேண்டில் கூட்டுல ஆட்டம் இல்ல. பெடல் கூட்டுலயும் இல்ல. பின்னால பெரிய பல்லு 28, கை நீளமானதுதான். சைஸ் 54.

ஆனா பின் ரிம்முல, கியர் பக்கத்து ஓட்டை மூணுல மயிரிழை வெடிப்பு இருக்கு. டார்ச் இல்லாம நான் பாத்திருக்கவே மாட்டேன். அவரும் அப்போதான் பாத்தார், முகம் வாடிப்போச்சு. 14,000க்குத் தர்றேங்கிறார். எடுக்கலாமா?

சக்கரம் கட்டுறவன், மார்த்தாண்டம்

எடுங்க தம்பி. ஃபிரேம் சுத்தம்னா ரிம்முக்காக விட வேண்டாம். ஹப்பு நல்லா இருந்தா அதையே வச்சு, இரட்டைச் சுவர் ரிம்மு, 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, பித்தளை நிப்பிள் போட்டு 32 கம்பியும் புதுசா கட்டிரலாம். அலுமினிய நிப்பிள் வேண்டாம், நம்ம ஊர் காத்துக்கு அது பொடிஞ்சு போகும். உங்க எடைக்கு 36 இருந்தா எனக்கு இன்னும் நிம்மதி, ஆனா ஹப்புல ஓட்டை 32தான். கையால முறுக்கு பாத்துக் கட்டின 32, மிஷின்ல கட்டின 36ஐ விட நிக்கும்.

செயினை அளந்தீங்களா? ஒரு ஆணிக்க நடுவுல அடிக்கோலை வச்சு 12 அங்குலம் பாருங்க. சரியா 12ல ஒரு ஆணி நடு வந்தா நல்ல செயின். அரை நூல் (ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) தள்ளி வந்தா செயினை மாத்தணும். ஒரு நூல் தள்ளியிருந்தா பல்சக்கரமும் சேந்து போயாச்சு, அதையும் விலையில பேசிக்கிடுங்க.

கட்டினதும் 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்பக் கொண்டு வாங்க. புதுக் கம்பி உக்காரும்போது முறுக்கு கொஞ்சம் மாறும், அப்போ ஒரு தடவை சரி பண்ணிட்டா பிறகு பயம் இல்ல. அந்த ரெண்டாவது தடவைக்குத்தான் யாரும் வர மாட்டாங்க.

வில்லுக்குறிக்காரன்

ஆறு வாரம் ஆச்சு, சொல்லாம இருக்கக் கூடாதுன்னு எழுதுறேன்.

செயின் ஒரு நூல் தள்ளி வந்தது. அதனால 13,200க்கு முடிஞ்சுது. பின் சக்கரத்தை மார்த்தாண்டத்துல அண்ணனே கட்டித் தந்தாங்க. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, ஒவ்வொரு கம்பியையும் தட்டி சத்தம் கேக்க வச்சாங்க. ஒரே பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சுருதியில வரணுமாம். செயினும் 11-32 கேசட்டும் புதுசு, 28 டயர். எல்லாம் சேத்து 21,000க்குள்ள வந்துட்டு.

100 கிலோமீட்டர்ல திரும்பக் கொண்டு போனேன். இடப்பக்கம் நாலு கம்பி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இதுவரைக்கும் 610 கிலோமீட்டர், ஒரு கம்பியும் ஒடியல. போன ஞாயிறு கன்னியாகுமரி போய் வந்தேன். சுசீந்திரம் குளத்துக்கிட்ட ஒரு தடவை, கொட்டாரத்துல ஒரு தடவை நின்னேன். எடை 111.

சைக்கிளை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கு அப்பா திண்ணையிலயிருந்து எழும்பி வந்தாங்க. வயசு 71. ஒண்ணும் கேக்கல. குனிஞ்சு பின் சக்கரத்துக் கம்பியை ரெண்டு ரெண்டா அமுக்கிக்கிட்டே சுத்தி வந்தாங்க. அப்புறம், "யாருல கட்டினது?"ன்னு கேட்டாங்க. மார்த்தாண்டத்துலன்னு சொன்னேன். "முறுக்கு சரியா இருக்கு"ன்னாங்க.

குலசேகரம் தம்பி, அடுத்த சனி காலை 6 மணிக்கு நான் தக்கலையிலயிருந்து கிளம்புறேன். வேர்க்கிளம்பி வழி வந்தா ஏத்தம் எங்கெல்லாம் வரும், திற்பரப்புக்கு முன்னால சாயா எங்க கிடைக்கும்னு சொல்லணும்.

குலசேகரம் ரப்பர்

வாங்கண்ணே. 7.30க்கு குலசேகரம் சந்தை ஜங்ஷன்ல நிப்பேன், சாயா அங்கயே குடிக்கலாம். ஏத்தம் வந்ததும் 32ல போட்டுட்டு உக்காந்தே மிதிங்க, எழும்ப வேண்டாம். ரெண்டு டியூப் கொண்டு வாங்க, பம்பு நான் எடுத்துக்கிடுகேன்.